அக்காவின் முட்டியில் ஒட்டிய பசை

எங்கள் வீட்டில் எனக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. பசைக்காரி. வைத்தவள் அக்கா. மூட்டுக்குள் பெயர்ந்துபோன குருத்தெலும்பை ஒட்டுவதற்கு ஒரு பசை செய்கிறார்கள், கண்டிப் பக்கம் ஒரு ஆய்வுக்கூடத்தில், அதில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது என்று நான் எங்கள் தேயிலைத் தோட்டம் இருக்கிற லிந்துலைக்கு வந்து சொன்ன அன்று, அவள் அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்து ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எலக்சன் நோட்டீஸ் ஒட்டுறதுக்கா இம்புட்டு வருசம் படிச்ச?" என்றாள்.

அம்மா அவளை அதட்டினாள். ஆனால் அம்மாவுக்கும் விளங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கோழிக்கால் எலும்பின் நுனியில் வெள்ளையாக, வழுவழுவென்று ஒரு தொப்பி இருக்குமே, பிள்ளைகள் கடித்துத் தின்னுமே, அதுதான் குருத்தெலும்பு என்று சொன்னேன். எலும்பும் எலும்பும் உரசாமல் இருப்பது அதனால்தான். தோல் வெட்டுப்பட்டால் ஆறிவிடும். எலும்பு முறிந்தாலும் கட்டுப்போட்டால் சேர்ந்துவிடும். இது மட்டும் தானாக ஆறாது, ஏனென்றால் அதற்குள் இரத்த ஓட்டம் இல்லை. ஒரு துண்டு பெயர்ந்தால் பெயர்ந்ததுதான். அந்தக் குழி மெல்ல மெல்லப் பெரிதாகும். அந்தக் குழிக்குள், பெயர்ந்த துண்டுக்குப் பதிலாக மெல்லிய வில்லை ஒன்றை வைத்து, அது நழுவாமல் பிடித்துக்கொள்ளச் செய்ய வேண்டும். அதற்குத்தான் பசை.

கேட்பதற்கு லேசாக இருக்கிறது. ஆனால் முட்டிக்குள் எப்போதும் ஈரம், எப்போதும் வழுக்கல். எதுவும் எதிலும் ஒட்டிவிடக் கூடாது என்று உடம்பே பார்த்துப் பார்த்துச் செய்து வைத்திருக்கிற இடம் அது. அங்கே போய் ஒட்டுவது, கழுவிய பாத்திரத்தில் தபால் முத்திரை ஒட்டுகிற வேலை. சாதாரணப் பசைகள் ஈரத்தைக் கண்டதும் கைவிட்டுவிடும். ஈரத்திலும் பிடிக்கிற பசைகள் சில உண்டு, அவை பக்கத்தில் இருக்கிற உயிருள்ள சதையைச் சாகடித்துவிடும்.

ஆய்வுக்கூடத்தில் என் வேலை ஒன்றும் பெரிய விசயம் இல்லை. இறைச்சிக்கடையில் ஆட்டு முட்டி வாங்கி வருவேன். குருத்தெலும்பில் குழி போட்டு, பசை வைத்து, இயந்திரத்தில் மாட்டி, பிய்கிற வரைக்கும் இழுப்பேன். ஆரம்பத்தில் எல்லாமே பிய்ந்தன. கடைக்காரர் என்னை சூப்புக்கடை வைத்திருப்பவள் என்று நினைத்திருந்தார். அம்மாவுக்கு வேறு கவலை. நாங்கள் வேதக்காரர்கள், கத்தோலிக்கர்கள், தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் கருவாடுகூட வராது.

"வெள்ளிக்கிழமையும் ஆட்டு முட்டிய வெட்டுவியா?" என்று கேட்டாள்.

"வெட்டுனா பாவம் இல்லம்மா. தின்னாத்தான்."

"எதுக்கும் சாமிகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்க," என்றாள். சாமி என்பது எங்கள் பங்குக் குருவானவர்.

அக்காவுக்குப் பிடித்த கதை வேறொன்று. கொழுந்தெடுக்கிற பெண்களின் விரல்களில் கறுப்பாக ஒரு கறை ஏறியிருக்கும். சவர்க்காரம் போட்டாலும் போகாது, எலுமிச்சை தேய்த்தாலும் போகாது. தேயிலையின் துவர்ப்புதான் அது. அந்தத் துவர்ப்பைத் தருகிற பொருளின் குணம், ஈரமான சதையையும் தோலையும் கெட்டியாகப் பற்றிக்கொள்வது. கடற்பாறையில் அலைக்கு அசையாமல் ஒட்டிக்கிடக்கிற சிப்பியின் பசையிலும் அதே மாதிரியான ஒன்றுதான் இருக்கிறது. எங்கள் பசையிலும் அதைத்தான் சேர்த்தோம். இதை நான் சொன்னதும் அக்கா தன் இரண்டு கைகளையும் விரித்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என் கையில ஒட்டுனத எடுத்து ஊராரு முட்டிக்குள்ள ஒட்டப் போறியாடி?" என்றாள். பிறகு மலையில் எல்லோரிடமும் அதையே சொல்லிச் சிரித்திருக்கிறாள். அடுத்த முறை நான் போனபோது எங்கள் வரிசை வீடுகளில், லயத்தில், இருக்கிற பெண்கள் எல்லாம் என்னைப் பசைக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள்.

தேயிலைக் காட்டை எங்கள் ஊரில் மலை என்போம். வேலைக்குப் போவதை மலைக்குப் போவது என்போம். அக்காவுக்கு மலை பிடிக்கும். இதைச் சொன்னால் என்னோடு படித்தவர்கள் நம்ப மாட்டார்கள். அட்டைக்கடி, மழை, கங்காணியின் ஏச்சு, கைக்கும் வாய்க்கும் காணாத சம்பளம் எல்லாம் உண்மைதான், அவளும் அதையெல்லாம் திட்டுவாள். ஆனாலும் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் முதல் ஆளாக நிற்பாள். நிரையில் பக்கத்தில் இருப்பவளைச் சீண்டிக்கொண்டே இரண்டு கையாலும் பறித்துக் கூடைக்குப் போடுகிற வேகத்தைப் பார்த்தால் அவள் கொழுந்தைப் பார்த்துப் பறிக்கிறாளா என்றே சந்தேகம் வரும். அத்தான் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. அங்கே வந்து இருக்கச் சொல்லிக் கூப்பிட்டும் அவள் போகவில்லை. "சமதரையில நடந்தா எனக்கு கால் வலிக்கும்," என்றாள்.

அவள் விழுந்தது ஒரு மழை நாளில். கடைசி நிறுவைக்காகத் தலையில் கொழுந்துச் சாக்கோடு, அதை நிறுக்கிற மடுவத்துக்கு இறங்கி வந்திருக்கிறாள். மழைத் தண்ணீர் ஓடுகிற கானைத் தாண்டும்போது ஒரு கால் உள்ளே வழுக்கி, உடம்பு ஒரு பக்கம் திரும்ப, முட்டி மறு பக்கம் திரும்பியிருக்கிறது. சாக்கை விடவில்லை. விட்டிருந்தால் ஒருவேளை விழாமல் இருந்திருப்பாள் என்று பின்னால் சொன்னாள். டிஸ்பென்சரியில் மாத்திரை கொடுத்தார்கள். அம்மா எண்ணெய் போட்டு உருவினாள். வீக்கம் போனது, வலி போகவில்லை. இறக்கத்தில் இறங்கும்போது முட்டி திடீரென்று மாட்டிக்கொள்ளும். நொண்டி நொண்டி கொஞ்ச காலம் மலைக்குப் போனாள். பிறகு முடியாமல் நின்றுவிட்டாள்.

நான்தான் கூட்டிக்கொண்டு போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினேன். தொடை எலும்பின் நுனியில், முட்டிச்சில்லு வந்து உரசுகிற இடத்தில், பெருவிரல் நகம் அளவுக்குக் குருத்தெலும்பு பெயர்ந்திருந்தது. சுற்றிலும் மற்றதெல்லாம் பழுதில்லாமல் நன்றாக இருந்தது. ஸ்கேன் படத்தைப் பார்த்தபோது எனக்குக் கவலைக்குப் பதிலாக சந்தோசம் வந்துவிட்டது. எங்கள் பசைக்கு இப்படி ஒரு குழிதான் வேண்டும். வயதாகித் தேய்ந்த முட்டிக்கு அது உதவாது. ஓரம் தெளிவாக இருக்கிற புதுக் குழி, வயது குறைந்த ஆள், மற்றபடி நல்ல மூட்டு. ஆட்டு முட்டியில் நான் போட்ட குழிகள் எல்லாம் அப்படித்தான் இருந்தன.

எங்கள் பசையைச் சில நோயாளிகளுக்கு வைத்துப் பார்க்க அப்போதுதான் அனுமதி கிடைத்திருந்தது. அக்காவைத் தேர்ந்தெடுத்தது நான் இல்லை. என் பேராசிரியை சிங்களப் பெண்மணி, கறாரானவர். சொந்தக்காரி என்பதால் அக்காவின் விசயத்தில் நான் ஒரு ஓரமாகத்தான் நிற்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஆப்பரேசன் செய்கிற டாக்டர் அக்காவை உட்காரவைத்து எல்லாவற்றையும் விளக்கினார். இது புதிது, சரிவரலாம், வராமலும் போகலாம், வேண்டாம் என்றால் வழக்கமான வைத்தியம் இருக்கிறது என்றார். அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். அதை நான் சிங்களத்தில் சொன்னேன்.

"சரியானா மலைக்குப் போகலாமான்னு கேளு."

சரியானால் போகலாம், ஆனால் அவசரப்படக் கூடாது என்றார் டாக்டர். அக்காவுக்கு அதில் முதல் பாதி போதுமாக இருந்தது.

ஆப்பரேசன் நடந்த அன்று அம்மா வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்து செபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. எப்போதும் சொல்கிற செபம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

கால் தரையில் படாமல் பல வாரம் இருக்க வேண்டும் என்றார்கள். எங்கள் லயத்தில் அது நடக்காத காரியம். நாங்கள் இருக்கிற ஒற்றை அறையை, காம்பராவை, விட்டு இறங்கினால் குழாய்க்குப் போகவும் கல்படி, கக்கூசுக்குப் போகவும் கல்படி, அதுவும் மழைக்குப் பாசி பிடித்த படி. அதனால் அக்காவும் அம்மாவும் என் வாடகை அறையில் வந்து இருந்தார்கள். சின்ன அறை. கட்டிலில் அக்கா, தரையில் நாங்கள் இருவர். என் சமையலை அக்கா வாயில் வைக்க முடியவில்லை என்றாள். டீவி நாடகத்தில் வருகிற மாமியார்களுக்கு எல்லாம் பட்டப்பெயர் வைத்தாள். ஊன்றுகோலால் சுவரைத் தட்டி, "ஏ பசைக்காரி, தேத்தண்ணி" என்பாள். பேராசிரியை ஒரு நாள் பார்க்க வந்து, "எப்படி நங்கி?" என்று, தங்கச்சியைக் கேட்கிற மாதிரி விசாரித்தபோது அக்கா பயங்கர மரியாதையாகப் பதில் சொல்லிவிட்டு, அவர் போனதும் அவர் நடையைக் கட்டிலில் உட்கார்ந்தபடியே நடித்துக் காட்டினாள். நான் பள்ளிக்கூடத்து விடுதிக்குப் போன பிறகு நாங்கள் அவ்வளவு நாள் ஒன்றாக இருந்ததே இல்லை. அதை மட்டும் இன்றைக்கும் எந்த வருத்தமும் இல்லாமல் நினைக்க முடிகிறது.

அடுத்த ஸ்கேனில் வில்லை வைத்த இடத்திலேயே இருந்தது. டாக்டர் சிரித்தார். நடக்கலாம், படி ஏறலாம் என்றார். குந்தக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, முழங்கால் போடக் கூடாது, அடுத்த சோதனை வரைக்கும். மூன்றையும் நான் தமிழில் சொன்னேன். அம்மாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

ஊருக்குத் திரும்பிய நாளில் அக்கா ஆட்டோவிலிருந்து இறங்கி, யாரையும் பிடிக்காமல், லயத்துப் படிகளில் ஒவ்வொன்றாக இறங்கிப் போனாள். முகத்தில் நோவு இல்லை. நான் பின்னால் நின்று அவள் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை ஆட்டு முட்டிகள், அத்தனை நாட்கள் பிய்ந்து பிய்ந்து விழுந்தவை, எல்லாம் இந்த ஒன்றுக்காகத்தான் என்று தோன்றியது.

எங்களுக்கு முந்திப் போய் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்திருந்த அம்மா அழுதுவிட்டாள். அழுதுகொண்டே, தான் வேண்டிக்கொண்டதைச் சொன்னாள். ஆப்பரேசன் அன்றைக்கு, வாங்கில் உட்கார்ந்து, மாதாவிடம் நேர்த்தி வைத்து வேண்டியிருக்கிறாள். பெரிய மகள் நோவில்லாமல் நடந்தால், வருகிற திருநாளுக்கே அவளைக் கோயில் வாசலிலிருந்து பீடம் வரைக்கும் முழங்காலில் கூட்டி வருகிறேன் என்று.

எங்கள் தோட்டத்துக் கோயிலில் இது புதிதில்லை. திருநாளுக்குப் பத்துப் பேராவது அப்படிப் போவார்கள், கையில் மெழுகுவர்த்தியோடு. அம்மாவே போயிருக்கிறாள், என் ஏ.எல். பரீட்சைக்காக. நான் பல்கலைக்கழகம் போனது என் தலையில் இருந்த மூளையால் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அம்மாவின் கணக்கில் அது அவளுடைய முட்டியால்.

"அம்மா, முழங்கால் போடக் கூடாதுன்னு டாக்டரு சொன்னாருல்ல."

"சொன்னாரு. நான் அதுக்கு முன்னாடியே வேண்டிட்டேன்ல."

"வேற எதையாச்சும் வேண்டியிருக்கலாமேம்மா. ஒரு மெழுகுவத்தி ஏத்துறேன்னு."

"முட்டிக்கு முட்டியத்தான வேண்டணும்," என்றாள் அம்மா. அவளுக்கு அதில் சந்தேகமே இல்லை.

எனக்குக் கோபம் வந்தது. கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். வெள்ளியில் கால் உரு வாங்கிப் போடலாம், அடுத்த வருசத் திருநாளுக்குத் தள்ளிப்போடலாம் என்றேன். சாமியிடமே போய்ச் சொன்னேன். நல்ல மனிதர், வீட்டுக்கே வந்தார். கால் சுகமில்லாத பிள்ளையை முழங்காலில் வரச் சொல்லி மாதா கேட்க மாட்டார், மனத்தால் செய்தால் போதும் என்றார். அம்மா தலையாட்டினாள். அவர் படியிறங்கிப் போன பிறகு, "சாமி நல்ல மாதிரி. ஆனா நான் வேண்டுனது அவருகிட்ட இல்லையே," என்றாள்.

அவளும் பயந்துதான் போயிருந்தாள் என்பது எனக்குத் திருநாள் நெருங்க நெருங்கத்தான் தெரிந்தது. சாப்பாடு இறங்கவில்லை. முந்திய நாள், தானே அக்காவிடம் போய், வேண்டாம், தள்ளிப்போடுவோம் என்று சொல்லியிருக்கிறாள். முடியாது என்று சொன்னது அக்கா.

"அடுத்த வருசம் வரைக்கும் நேத்திய பாக்கி வச்சிக்கிட்டு நான் மலைக்குப் போகணுமா?" என்று என்னிடம் கேட்டாள். "கான் தாண்டுற ஒவ்வொரு வாட்டியும் அதானே நெனப்பு வரும். அந்த நெனப்புலயே விழுந்துருவேன்."

"அப்ப மலைக்கு மெதுவா போ."

"எனக்கு வலியே இல்லடி. உன் பசை நல்லாத்தானே புடிச்சிருக்கு. நீயே நம்பலன்னா எப்புடி?"

பசை பிடித்திருந்தது. பிடித்திருந்ததால்தான் வலி இல்லை. கொஞ்சம் வலி மிச்சம் இருந்திருந்தால் அவளே முழங்கால் போட்டிருக்க மாட்டாள். எங்கள் வேலை கொஞ்சம் மோசமாக அமைந்திருக்கக் கூடாதா என்று, அதைச் செய்தவளே நினைக்கிற நிலை எனக்கு வந்தது.

திருநாள் அன்று காலையிலேயே மிஸ்ட் இறங்கியிருந்தது. கோயில் சின்னது, தகரக் கூரை, சீமெந்துத் தரை. நீளமும் அதிகமில்லை, எட்டிப் போட்டு நடந்தால் பாட்டின் ஒரு அடி முடிவதற்குள் பீடத்துக்குப் போய்விடலாம். பூசை முடிந்து நேர்த்திக்காரர்கள் வாசலில் வரிசையாக நின்றார்கள். அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வாசற்படியைத் தாண்டி, மெதுவாக முழங்காலிட்டாள். முதலில் நல்ல கால், பிறகு அந்தக் கால்.

அம்மா அவள் தோளைப் பிடித்தாள். "நீ எந்திரி. நான் போறேன். உனக்குப் பதிலா நான் போறேன்," என்றாள்.

"வேண்டுனது உங்க முட்டிக்கா?" என்றாள் அக்கா. "தள்ளுங்கம்மா, பின்னாடி ஆளுக நிக்கிறாங்க."

நானும் குனிந்து அவள் காதில் வேண்டாம் என்றேன். அவள் என் கையில் மெழுகுவர்த்தியைக் கொடுத்து, "இத புடி," என்றாள். பிறகு நகர ஆரம்பித்தாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் அவள் பக்கத்தில் நானும் முழங்காலிட்டேன். அவள் வலப்பக்கம் நான், இடப்பக்கம் அம்மா. மூன்று பேரும் போனோம்.

சீமெந்து சில்லென்றிருந்தது. மணல் நெறுநெறுவென்று முட்டியில் குத்தியது. முட்டியை மடக்கினால் சில்லு இறங்கி, அந்த வில்லை ஒட்டியிருக்கிற இடத்தில்தான் போய் அழுத்தும். எனக்கு அந்த இடம் மனப்பாடம். ஒவ்வொரு முறை அவள் நகரும்போதும் உடம்பின் பாரம் முழுக்க அதில் ஏறி, தேய்த்து, இறங்கியது. ஆட்டு முட்டிகளை நான் இழுத்துப் பார்த்ததெல்லாம் நேராக. இப்படி மடக்கி, பாரம் ஏற்றி, நகர்த்தித் தேய்த்து ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. எங்கள் இயந்திரத்துக்கு முழங்காலிடத் தெரியாது. ஒவ்வொரு சாயங்காலமும் எல்லோரும் முழங்காலிட்டுச் செபமாலை சொல்கிற வீட்டில் பிறந்தவள் நான். எனக்குக்கூட அது தோன்றவில்லையே என்று அந்தத் தரையில் போகும்போதுதான் நினைத்தேன்.

அக்கா பாடிக்கொண்டே போனாள். பீடத்துக்கு முன்னால் என்னிடமிருந்து மெழுகுவர்த்தியை வாங்கி ஏற்றிவிட்டு, அம்மாவின் கையைத் தட்டிவிட்டு, தானாகவே எழுந்து நின்றாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"பாத்தியா, உன் பசைய," என்றாள். அவ்வளவு சந்தோசமாக நான் அவளைப் பார்த்ததில்லை.

சில நாள் கழித்து முட்டி வீங்கத் தொடங்கியது. அவள் எனக்குச் சொல்லவில்லை, அத்தான்தான் கொழும்பிலிருந்து போன் செய்து சொன்னார். திரும்ப ஆஸ்பத்திரி, திரும்ப ஸ்கேன், கடைசியில் உள்ளே கெமரா விட்டுப் பார்த்தார்கள். வில்லையின் ஒரு ஓரம் எழும்பி, முக்கால்வாசி கழன்று, மூட்டுக்குள் ஆடிக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டார்கள். அதோடு குழியின் ஓரத்திலிருந்த நல்ல குருத்தெலும்பும் நைந்து போயிருந்தது. இன்னொரு தடவை வைக்கலாமா என்று கேட்டேன். பேராசிரியை தலையசைத்தார். எங்கள் பசைக்கு ஒரு தெளிவான ஓரம் வேண்டும், அந்த முட்டியில் இப்போது அது இல்லை.

அக்கா எதையும் மறைக்கவில்லை. முழங்காலில் போனதை டாக்டரிடம் தானே சொன்னாள். பசையின் மேல் பழி வந்துவிடக் கூடாது என்பதில் அவளுக்கு அக்கறை. டாக்டர் ஏசுவார் என்று பயந்தேன். அவர், அது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது, ஓரம் முன்பே கொஞ்சம் எழும்பியிருக்கலாம், தெரிவதற்கு வழியில்லை என்றார். பேராசிரியையும் அதையேதான் சொன்னார். மற்ற நோயாளிகளுக்கு இதுவரை நன்றாக இருக்கிறது. அவர்களில் யாரும் முழங்காலில் கோயிலுக்குப் போகவில்லை.

நான் அம்மாவோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். போன் எடுத்தால் அக்காவோடு மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுவேன். இப்போது நினைத்தால் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது. யார் மேலாவது கோபப்பட்டால் மனம் கொஞ்சம் லேசாகும் என்று பார்த்தேன், ஆகவில்லை. பிறகு ஒரு நாள் ஊருக்குப் போய், டாக்டர் சொன்னதை அம்மாவிடம் சொன்னேன். முழங்கால் போட்டதால்தான் கழன்றது என்று யாராலும் சொல்ல முடியாதாம் அம்மா, முன்னாடியே கழன்றிருக்கலாமாம் என்று.

அம்மா கொழுந்து நிறத்தில் ஒரு பழைய சுவெட்டர் போட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"நீ எனக்காகச் சொல்ற," என்றாள்.

"இல்லம்மா. நெசமா அவரு சொன்னது."

"மாதா கேட்டாங்களா, ஒன்னுங் கேக்கல. நானாத்தான் குடுக்குறேன்னேன்," என்றாள். "அதுவும் என்னோடத இல்ல. அவளோடத."



அக்கா இப்போது தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை பார்க்கிறாள். மலைக்குப் போகிற தாய்மார் கைப்பிள்ளைகளை விட்டுப் போகிற இடம் அது. சமதரை. நடக்கிறாள், இறக்கம் மட்டும் முடியாது. காலையில் நிரை நிரையாகப் பெண்கள் மேலே ஏறிப் போகும்போது ஜன்னல் பக்கம் நிற்க மாட்டாள், உள்ளே ஏதாவது வேலை வைத்துக்கொள்வாள். விரலில் இருந்த கறை போய்விட்டது. ஒரு நாள் தேத்தண்ணிக் கோப்பையை வாங்கும்போதுதான் கவனித்தேன், கை வெள்ளையாக இருந்தது. அவளுக்கு நாக்கு மட்டும் அப்படியே இருக்கிறது, பிள்ளைகளுக்கெல்லாம் பட்டப்பெயர் வைத்திருக்கிறாள். என்னை மட்டும் இப்போது பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள். பசைக்காரி என்று அவள் கடைசியாக எப்போது கூப்பிட்டாள் என்று யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகம் வரவில்லை.

ஆய்வுக்கூடத்தில் இப்போது வேறு மாதிரி இயந்திரம் ஒன்றைத் தயார் செய்கிறோம். ஆட்டு முட்டியை மடக்கி, மேலே பாரம் ஏற்றி, ஈரத்தில் வைத்துத் திரும்பத் திரும்பத் தேய்க்கும். கேட்டு வாங்கியது நான்தான். பேராசிரியை ஏன் என்று கேட்கவில்லை. பசையையும் மாற்றிக்கொண்டிருக்கிறோம், கொஞ்சம் வளைந்து கொடுக்கிற மாதிரி. என்றாவது ஒரு நாள் அது யாராவது ஒருத்தியின் முட்டியில் நன்றாகப் பிடித்து, அவள் நேர்த்தியும் செலுத்தி, மலைக்கும் போவாள். நல்ல விசயம்தான். அதை நினைக்கும்போது எனக்குச் சந்தோசத்தைவிடப் பொறாமைதான் வருகிறது, அது அக்கா இல்லையே என்று.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரில் இருந்தேன். மூன்று பேரும் பூசைக்குப் போனோம். நடுப்பூசையில் மணி அடித்ததும் கோயிலே முழங்காலிட்டது. அக்காவால் முடியாது, காலை நீட்டி வாங்கில் உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் அம்மாவும் உட்கார்ந்திருந்தாள். அம்மாவின் முட்டிக்கு ஒரு குறையும் இல்லை, இன்றைக்கும் விறகு சுமந்து மேடு ஏறுகிறவள். முன்வாங்கிலிருந்து ஒரு பெண் எங்களைப் பார்த்துவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டாள்.

"அம்மா, முட்டி வலிக்குதா?" என்று மெல்லக் கேட்டேன். இல்லை என்று தலையசைத்தாள்.

அக்கா என் பக்கம் சாய்ந்து, "கொஞ்ச நாளா இப்புடித்தான்," என்றாள். பிறகு அம்மாவிடம் திரும்பி, பாதிச் சிரிப்போடு, "என்னம்மா, மறுபடியும் எதையாச்சும் வேண்டிக்கிட்டீங்களா?"

"வேண்டல," என்றாள் அம்மா. "ஒன்னுங் கேக்கல. சும்மா உன்கூட உக்காந்திருக்கேன்."

இரண்டாவது மணி அடித்தது. பாதி குனிந்திருந்த நான் எழுந்து, அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.